இலை ஒத்திருந்தால் இனம் ஒன்றாகுமா?

புலம்பெயர்ந்து வந்த எம்மவர்கள் எதனை மறந்தாலும் கீரையை மறந்ததில்லை. ஜேர்மனியின் தொழில் நகரமொன்றில் நான்காம் மாடியில் இரண்டு அறைகளுக்குள் வாழும் குடும்பத்தினரும் யன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்றையும் ஒரு கற்பூரவள்ளித் தொட்டியையும் வைத்துப் பிள்ளையைப் போலப் பேணுகின்றனர். வசதி வாய்த்தோர் நகரின் ஓரத்தில் ‘கிளைன்கார்ட்டன்’ எனப்படும் சிறு தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்து, குறுகிய கோடைக்குள் மிளகாயும் பூசணியும் முளைக்கீரையும் கண்டுவிடுகின்றனர். மண்ணோடு எமக்குள்ள உறவு இத்தனை ஆண்டுகளின் பின்னும் அறுந்துவிடவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் நாம் நட்ட செடிகளோடு, நாம் நடாத செடிகளும் எம்மைச் சூழ்ந்து நிற்கின்றன. முன்னிருந்தவர் தோட்டத்தில் விட்டுச் சென்ற பற்றைகள், குடிபுகுந்த நாளில் அயலவர் அன்போடு தந்த பூந்தொட்டி, காட்டுவழியே நடக்கையில் காலடியில் பரந்து கிடக்கும் பச்சை இலைகள் ஆகியவற்றுள் எத்தனைக்கு எமக்குப் பெயர் தெரியும்? பெயர் தெரியாதவிடத்து நாம் செய்வதென்ன? “இது எங்கள் ஊர் வல்லாரை போலிருக்கிறது”, “இது மணத்தக்காளி போலிருக்கிறது” என்று பழகிய பெயரொன்றை எடுத்துச் சூட்டிவிடுகிறோம். ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் முதியவர்கள், கீரை கண்ட மகிழ்ச்சியில் ஒரு பிடி ஆய்ந்துகொண்டும் வந்துவிடுகின்றனர். ‘போலிருக்கிறது’ என்ற அந்த ஒரு சொல்லிலேயே ஆபத்து அடங்கியிருக்கின்றது. அதனைப் பற்றியே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பெயரோடு வந்த எச்சரிக்கை

ஊரில் செடிகளை எவரும் எமக்குப் பாடமாகக் கற்பித்ததில்லை. வேலியோரத்தில் விளையாடும்போதே அவற்றின் பெயர்கள் எம் காதில் விழுந்தன. பெயரோடு சேர்ந்து எச்சரிக்கையும் விழுந்தது. அலரியை வாயில் வைக்காதே, ஊமத்தங்காயைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதே, கார்த்திகைப்பூவின் கிழங்கைக் கிண்டாதே, கருணைக்கிழங்கைப் புளி விடாமல் சமைக்காதே என்று பாட்டிமார் சொன்னவை பல தலைமுறைகளின் பட்டறிவு. ஒரு செடியின் பெயரை அறிந்தவன் அச்செடியால் முன்னோர் பெற்ற நன்மையையும் தீமையையும் சேர்த்தே அறிந்தான்.

இந்த நாட்டுச் செடிகள் எம்மிடம் பெயரில்லாமல் வந்து சேர்ந்தன. ஆகையால் எச்சரிக்கையும் இல்லாமல் வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றிலுள்ள நஞ்சு எமக்கு அந்நியமானதன்று. ஊரில் நாம் அஞ்சி ஒதுங்கிய அதே நஞ்சுகள் இங்கு வேறு முகங்களோடு நிற்கின்றன என்பதைக் கீழ்வரும் உதாரணங்கள் காட்டும்.

உள்ளி மணக்கும் இலை

வசந்தகாலத்தில், மார்ச் மாத இறுதி தொடங்கி மே மாதம் வரை, இந்நாட்டு இலையுதிர் காடுகளின் ஈரத்தரையில் ‘பேர்லௌக்’ என்னும் காட்டு உள்ளி பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் முளைக்கின்றது. ஜேர்மனியர் அதனை வெண்ணெயிலும் சூப்பிலும் சேர்த்துண்பர். எம்மவருள்ளும் பலர் அதனைச் சுவைத்துப் பழகி, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்கின்றனர். நல்ல உணவுதான். ஆனால் அதே காலத்தில் அதனையொத்த இலையோடு வேறு இரண்டு செடிகள் முளைக்கின்றன. ஒன்று ‘மைக்ளொக்ஷென்’ எனப்படும் வெண்மணிப் பூச்செடி. மற்றையது ‘ஹேர்ப்ஸ்ற்சைற்லோசெ’ எனப்படும் இலையுதிர்காலப் பூச்செடி.

வெண்மணிச் செடியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. எமது அலரியின் நஞ்சும் அவ்வகையினதே. இரண்டாவது செடி இன்னும் கொடியது. அதிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சே எமது கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் விதையிலும் உள்ளது. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கொல்கிசின் உட்சென்றால் அறிகுறிகள் பல மணிநேரம் கழித்தே தோன்றும். அதனை முறிக்கும் மருந்து வைத்தியசாலைகளில் கைவசம் இருப்பதில்லை. தாயகத்திலும் கார்த்திகைக் கிழங்கை வற்றாளைக்கிழங்கென்று மயங்கி உண்டு இடருற்றோர் உண்டு. இங்கு அந்த மயக்கம் கிழங்கிலன்றி இலையில் நேர்கின்றது. ஜேர்மனியிலும் சுவிற்சலாந்திலும் ஒஸ்ரியாவிலும் இவ்வாறு இலை மாறி உண்டு உயிரிழந்தோர் உண்டு. அந்நாடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இவ்வாறு ஏமாறக்கூடும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

வேறுபாடு காண்பது எப்படி? காட்டு உள்ளியின் ஒவ்வோர் இலையும் தனித்தனிக் காம்போடு நிலத்திலிருந்து எழும். இலையின் அடிப்புறம் மங்கலாக இருக்கும். வெண்மணிச் செடியில் இரண்டு இலைகள், சில வேளைகளில் மூன்று, ஒரே தண்டை ஒன்றையொன்று தழுவியபடி எழும்; அடிப்புறம் பளபளக்கும். மூன்றாவதின் இலைகள் தனிக்காம்பின்றி ஓரிடத்திலிருந்தே கொத்தாக விறைத்து நிற்கும். அவற்றின் நடுவில் வசந்தத்திலே காய் தென்படும். ஊதா நிறப் பூ இலைகளெல்லாம் மறைந்தபின் இலையுதிர்காலத்திலேதான் வரும்.

“கசக்கி மணந்து பார்த்தால் தெரியாதோ?” என வாசகர் கேட்கலாம். முதல் இலைக்கு அது சரி. நான்கு இலை பறித்தபின் விரல்களிலேயே உள்ளி மணம் ஏறிவிடும். பின்னர் எதனைக் கசக்கினாலும் உள்ளியே மணக்கும். மூக்கை மட்டும் நம்பிப் பிடிபிடியாக அரிந்து வருபவர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

மணத்தக்காளியும் அதன் உறவினரும்

கிளைன்கார்ட்டன் பாத்திகளில் களையாக முளைக்கும் கறுப்புப் பழச்செடியொன்றைக் கண்டு எம்மவர் மகிழ்வதுண்டு. வெண்ணிறச் சிறுபூ, கொத்தாகத் தொங்கும் பட்டாணி அளவான பழங்கள். அது பெரும்பாலும் மணத்தக்காளி இனத்தைச் சார்ந்ததே. ஆனால் அயலிலுள்ள ஜேர்மனியர் அதனைக் கண்டதும் நஞ்சென்று கூறிப் பிடுங்கச் சொல்வார். நாம் மருந்தென்போம். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. அதன் பச்சைக் காய்களில் சொலனின் என்னும் நஞ்சு உள்ளது. நாம் நன்கு பழுத்த பழத்தையும் அவித்த இலையையுமே கொண்டோம். காயை வற்றல் போடுவோரும் அதற்குரிய பக்குவம் செய்தே உண்டனர். அன்றியும் மணத்தக்காளி என்ற பெயரில் வழங்குவது ஓரினமன்று; ஒன்றையொன்று ஒத்த பல இனங்களின் கூட்டம். ஊரில் உண்ட வகையும் இங்கு முளைப்பதும் எல்லா வகையிலும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது.

இதனினும் பெரிய ஆபத்து ‘தோல்கிர்ஷ’ என்னும் செடி. காட்டு வெளிகளிலும் காட்டோரங்களிலும் மார்பளவு உயரத்துக்குப் புதராக வளரும். பூ மணி வடிவானது. மங்கிய ஊதாவும் கபிலமும் கலந்தது. பழம் செர்ரிப்பழம் அளவில் கறுத்து மினுங்கும்; கொத்தாக இராது, ஒவ்வொன்றாக நிற்கும். ஐந்து மடல்கள் விரிந்த பச்சைப் புல்லிவட்டம் நட்சத்திரம் போல் அப்பழத்தைத் தாங்கியிருக்கும். பழம் இனிக்கும் என்பதே கொடுமை. சில பழங்களே ஒரு குழந்தையை உயிராபத்துக்கு உள்ளாக்கப் போதுமானவை. இதிலுள்ள அத்திரொப்பின் எமது ஊமத்தையிலும் உண்டு. கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மணத்தக்காளி, ஊமத்தை, தோல்கிர்ஷ அனைத்தும் ஒரே தாவரக் குடும்பம். சோறிடும் உறவினரும் கொல்லும் உறவினரும் ஒரே குடும்பத்தில் இருக்கக் காண்கிறோம். குடும்பம் அறிந்ததால் மட்டும் செடியை அறிந்தவராகிவிட மாட்டோம்.

வல்லாரை என்று நம்பி

வல்லாரை வெப்பநாட்டின் ஈரநிலச் செடி. இந்நாட்டு உறைபனியைத் தாங்கி அது புல்வெளியில் தானாகப் பரவுவதில்லை. ஆகவே தோட்டத்திலே தரையோடு படர்ந்து, வட்டமான, ஓரம் பல்வெட்டிய இலைகளோடு காணப்படுவது பெரும்பாலும் ‘குண்டர்மன்’ என்னும் வேறொரு கொடியாகும். அதன் தண்டு நாற்சதுரமானது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக நிற்கும். கசக்கினால் புதினா போலக் கடுமையாக மணக்கும். பூ ஊதா நிறம். அது துளசியின் குடும்பம். இந்நாட்டவர் அதனைச் சிறிதளவு மூலிகையாகச் சேர்ப்பதுண்டு. அதற்காக வல்லாரைச் சம்பலுக்குப் போலக் கோப்பை நிறைய அரிந்து உண்ணலாம் என்று பொருளில்லை.

மற்றொன்று ‘ஷார்பொக்ஸ்கிரௌட்’. வசந்தத்தின் தொடக்கத்தில் பளபளக்கும் இதய வடிவ இலைகளோடும் மஞ்சட் பூக்களோடும் மரநிழல்களில் பரவும். பூக்கத் தொடங்கியதும் அதன் இலையில் வாயையும் குடலையும் எரிக்கும் நஞ்சு மிகும். வல்லாரைக்கு இத்தகைய மஞ்சட் பூ எக்காலத்திலும் இல்லை என்பதை நினைவிற் கொண்டால் போதும்.

வரவேற்பறையில் நிற்கும் செடி

வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச்செடிகளை இனங்காண்பது தோட்டத்துச் செடிகளைக் காட்டிலும் கடினம். அவற்றுட் பல அறைக்குள் பூப்பதேயில்லை. நாம் ‘மணிபிளான்ற்’ என்று அழைக்கும் கொடியையே எடுத்துக்கொள்வோம். பசுபிக் சமுத்திரத்தில் உள்ள மூரேயா தீவைத் தாயகமாகக் கொண்ட அக்கொடி 1880இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. பூவைக் காண்பது அரிதாகையால் அறிஞர்களே அதனை ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைத்தனர். தொட்டியில் உள்ளங்கையளவில் இருக்கும் அதன் இலை, வெப்பநாட்டில் பெருமரத்தில் ஏறிவிட்டால் முழநீளத்துக்குப் பெருத்துக் கிழிந்து தொங்கும். ஒரே செடியின் இலையே இவ்வாறு இரு வேடம் பூணுமாயின், இலை ஒன்றையே பார்த்துப் பெயர் சூட்டுவது எத்துணை நிலையற்றது!

வெள்ளைப் புள்ளிகள் தெறித்த அகன்ற இலைகளோடு பல வீடுகளின் வரவேற்பறையில் நிற்கும் ‘டீஃபன்பாஹியா’ இன்னொரு பாடம். 1829இல் வியன்னாவின் அரச தோட்டத்துத் தலைமைத் தோட்டக்காரரின் பெயரால் அழைக்கப்பெற்ற இச்செடி, எமது கருணையும் சேம்பும் சேர்ந்த குடும்பத்தினது. கருணை நாவை அரிப்பதற்குக் காரணமான கல்சியம் ஒட்சலேற்று ஊசிகள் இதன் தண்டிலும் இலையிலும் நிறைந்துள்ளன. தவழும் குழந்தை ஒரு துண்டைக் கடித்தால் வாயும் நாவும் வீங்கும். கடுமையாயின் மூச்சுக்கும் இடையூறாகும். கருணைக்கு அஞ்சிய நாம் இதனைப் பிள்ளையின் விளையாட்டுப் பொருட்களுக்கு அருகில் வைத்திருப்பது பெயர் அறியாமையினாலேயாம். செடியை எறிந்துவிட வேண்டியதில்லை. உயரத்தில் வைத்தாற் போதும்.

எவ்வாறு இனங்காண்பது?

வெளியே வைரமுடையதைப் புல் என்றும், உள்ளே வைரமுடையதை மரம் என்றும் வகுத்தது தொல்காப்பியத்தின் மரபியல். மேற்றோற்றத்தைக் கடந்து உள்ளமைப்பை நோக்கும் பழக்கம் எம் முன்னோரிடம் இருந்தது. அந்த ஒழுங்கையே நாமும் கைக்கொள்ளலாம்.

முதலில் தண்டைப் பாருங்கள். உருண்டையா, நாற்சதுரமா? துளசித் தண்டை விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தவர்க்கு அதன் நான்கு முனைகளும் தெரியும். அடுத்து இலைகள் நிற்கும் ஒழுங்கு: ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டா, மாறிமாறி ஒவ்வொன்றா, நிலத்திலிருந்து நேரே எழுவனவா? பின்னர் இலையின் அடிப்புறம், ஓரம், நரம்போட்டம். முறித்தால் பால் வருகின்றதா என்பதும் ஒரு குறி. கள்ளியும் ஆலும் பால் வடிப்பன. பால் வரும் செடியை முறித்த கையோடு கண்ணைத் தொடலாகாது. இவற்றுக்கெல்லாம் பின் பூவும் காயும். இவையே உறுதியான சான்று. ஆகவே பெயர் தெரியாத செடியை ஓராண்டு முழுதும் பார்த்திருப்பதே சிறந்த வழி. ‘ஃபிங்கர்ஹூட்’ என்னும் அழகிய பூச்செடி முதலாண்டில் தரையோடு விரிந்த இலைக்கொத்தாக மட்டுமே இருக்கும். இரண்டாம் ஆண்டிலேதான் விரலுறை போன்ற பூக்களால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வில்லியம் விதறிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1785இல் இதன் இலையை நோயாளர்க்குப் பயன்படுத்திய முறையை நூலாக எழுதினார். அளவறிந்த மருத்துவர் கையில் மருந்தாவது அளவறியாதவர் சட்டியில் நஞ்சாகும்.

இக்காலத்தில் கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் வசதிகள் உள்ளன. பிரான்சில் தோன்றிய ‘பிளான்ற்நெற்’, 2018இல் ஜேர்மனியில் வெளியான ‘ஃபுளோரா இன்கொக்னிற்றா’ ஆகியன அவ்வகையின. இவை நல்ல துணைவர்கள். தேடவேண்டிய பெயரை இவை முன்மொழியும். அப்பெயரை எடுத்து, நூலிலுள்ள விவரணத்தோடு தண்டு, இலை, பூ என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு உறுதிசெய்ய வேண்டியது எமது பொறுப்பு. தொலைபேசி சொன்னதை மட்டும் நம்பி எதனையும் உண்ணுதல் ஆகாது. ஐயம் தீராவிடின் தாவரவியற் பூங்காவையோ, நாற்றுக் கடையில் அனுபவமுள்ள தோட்டக்காரரையோ அணுகிக் கேட்கலாம்.

எதிர்த்திசையில் வந்த ஒருவர்

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவூட்டுவது பொருந்தும். 1646இல் இந்த ஜேர்மனியின் ஹாலே நகரிற் பிறந்த பவுல் ஹெர்மன், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கைக்கு வந்தார். அங்கே அவரைச் சூழ நின்றவை யாவும் அவருக்குப் பெயர் தெரியாத செடிகளே. அவர் தம் நாட்டுச் செடிகளின் பெயர்களைச் சூட்டி அமைந்துவிடவில்லை. உள்ளூர் மக்களிடம் கேட்டுச் சிங்களப் பெயர்களை எழுதினார்; செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டினார்; படமும் வரைவித்தார். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் அந்தத் தொகுதி சுவீடனிலிருந்த லின்னேயசின் கைக்கு வந்தது. இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயஸ் அவ்வுலர்ந்த செடிகளைக் கொண்டே 1747இல் ‘ஃபுளோரா சைலானிக்கா’ என்ற நூலை எழுதினார். அந்த உலர்செடித் தொகுதி இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஹெர்மன் செய்ததை எதிர்த்திசையிலிருந்து வந்த நாம் செய்யலாகாதா? கேட்பது, எழுதுவது, உலர்த்தி ஒட்டுவது என்னும் இம்மூன்றுக்கும் பணம் வேண்டியதில்லை.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவற்றுட் சில எந்தச் செடியைக் குறிக்கின்றன என்பதில் அறிஞரிடையே இன்றுவரை கருத்தொற்றுமை இல்லை. செடியையும் பெயரையும் சேர்த்துக் காட்டவல்லவர் மறைந்தால் பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சும். எம் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் நேர்ந்துகொண்டிருக்கின்றது. அவர்கள் கண்முன் செடி நிற்கின்றது; பெயர் தெரியவில்லை.

நேர்ந்துவிட்டால்

பிள்ளை எதையாவது கடித்துவிட்டால் வாயிலுள்ளதைத் துப்பச் செய்து, வாயைத் தண்ணீரால் கழுவுங்கள். வலிந்து வாந்தியெடுக்கச் செய்ய வேண்டாம். பால் கொடுக்கவும் வேண்டாம். அறிகுறி தோன்றும்வரை காத்திராது உடனே நச்சு அவசர உதவி நிலையத்தை அழையுங்கள். பெர்லினில் 030-19240, பொன் நகரில் 0228-19240. இவை இரவு பகல் எந்நேரமும் இயங்குவன. சுவிற்சலாந்தில் 145. மயக்கம், மூச்சுத்திணறல், வலிப்பு இருப்பின் 112. வைத்தியசாலைக்குப் போகும்போது செடியின் கிளையொன்றை, பூவும் காயும் இருப்பின் அவற்றோடு, கொண்டு செல்லுங்கள். அங்கே முதலில் கேட்கப்படும் வினா “என்ன செடி?” என்பதே. அந்நேரத்தில் “வல்லாரை போல ஒன்று” என்ற விடை மருத்துவருக்கு உதவாது.

ஆகவே ஒரு சிறு வேலைத்திட்டத்தை வாசகர் முன் வைக்கின்றோம். வரும் ஓய்வுநாளில் பிள்ளைகளையும் வீட்டிலுள்ள முதியவரையும் அழைத்துக்கொண்டு வீட்டையும் தோட்டத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல்கள் கீறுங்கள்: தமிழ்ப்பெயர், ஜேர்மன் பெயர், தாவரவியற் பெயர். முதல் நிரலை முதியவர் நிரப்பட்டும். இரண்டாவதைப் பிள்ளைகள் தேடி எழுதட்டும். மூன்றாவதை இருவரும் சேர்ந்து நூலில் தேடட்டும். தமிழ்ப்பெயர் இல்லாத செடிக்கு நெருங்கிய ஒன்றின் பெயரைக் கடனாக எழுத வேண்டாம். அவ்விடம் வெறுமையாகவே இருக்கட்டும். தொட்டி ஒவ்வொன்றிலும் பெயரெழுதிய சிறு தகட்டைக் குத்திவையுங்கள். பெயர் உறுதியாகாத எதுவும் சமையலறைக்குள் வரலாகாது என்பதை வீட்டின் விதியாக்குங்கள்.

ஊரில் பாட்டி சொன்ன எச்சரிக்கையை இந்நாட்டுச் செடிகளுக்கும் உரியதாக்கிச் சொல்லும் கடமை இப்போது எம்முடையது. அடுத்த வசந்தத்துக் காட்டு உள்ளி முளைப்பதற்கு முன்னராகவேனும் அதனைச் செய்து முடிப்போம்.